புதுப்பிப்பு: கேக் கடை பரிசு அட்டை – தமிழ் எழுத்து உடைவதும் பொன் நிறமும்

எங்கள் கேக் கடையின் பரிசு அட்டைக் கோப்பை அச்சகத்தில் திறந்தால் ‘கொ’, ‘போ’ எல்லாம் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கின்றன, பொன் நிறம் பழுப்பாக வருகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இரண்டும் தீர்ந்தன.

எழுத்துக்குக் கைகொடுத்தது, கோரல் டிராவில் (அட்டையை வடிவமைத்த மென்பொருள்) எல்லாவற்றையும் ‘கர்வ்’ ஆக மாற்றி அனுப்பச் சொன்ன யோசனை. அப்படி மாற்றினால் எழுத்து வெறும் வடிவமாகிவிடுகிறது. அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இருக்கவேண்டிய அவசியமே இல்லை. அப்புறம் எழுத்துப்பிழை திருத்த முடியாது என்பதால், மாற்றாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொன் நிறம்: வழக்கமான அச்சின் நான்கு வண்ண மையைக் கலந்து பளபளப்பு வராது, நாங்கள் எடுத்த வழி ஃபாயில் (அட்டையில் அழுத்தி ஒட்டும் மெல்லிய பளபளப்புத் தாள்). அது தனிச் செலவு, அதனால் கடைப் பெயருக்கு மட்டும் போட்டோம். அளவு ஏடிஎம் அட்டை அளவே (85.6 × 54 மிமீ), சுற்றிலும் 3 மிமீ பிளீட் (வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க நிறத்தைக் கூடுதலாக நீட்டி விடும் பகுதி).

எதிர்பாராதது ஒன்று. மாதிரி அட்டையின் பின்பக்கத்தில் தொகையை எழுதினால் மை லேமினேஷனில் ஒட்டாமல் அழிந்தது. இப்போது முன்பக்கம் மட்டும்தான் லேமினேஷன். கையால் எழுதிக் கொடுப்பவர்கள் அச்சகத்தில் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.