அண்ணப் பிளவுள்ள சிறுவர்களின் மூச்சுப்பாதை: சி.பி.சி.டி. அளவீட்டில் உதவி தேவை

குழுவிலுள்ள பல் சீரமைப்பு, கதிரியக்கத் துறை நண்பர்களுக்கு வணக்கம். உதடும் அண்ணமும் (வாயின் மேற்கூரை) பிளவுபட்டுப் பிறந்து, ஈறு எலும்பு ஒட்டுச் சிகிச்சைக்காக 9 முதல் 11 வயதுக்குள் சி.பி.சி.டி. (கூம்பு வடிவக் கதிரால் எடுக்கும் முப்பரிமாண எக்ஸ்-ரே படம்) எடுக்கப்பட்ட சிறுவர்களின் பழைய படங்களைக் கொண்டு, அவர்களது தொண்டைப் பகுதி மூச்சுப்பாதையின் கன அளவையும் மிகக் குறுகலான இடத்தின் குறுக்குவெட்டுப் பரப்பையும் என் முதுநிலை ஆய்வுக்காக ஐடிகே-ஸ்நாப் மென்பொருளில் அளந்து வருகிறேன்.

சிக்கல், அளக்கும் பகுதியின் மேல் எல்லையை எங்கே வைப்பது என்பதில்தான். மற்றவர்களுக்கு வன்னண்ணத்தின் (அண்ணத்தின் எலும்புள்ள முன்பகுதி) பின்முனையிலுள்ள எலும்பு முள்ளிலிருந்து கோடு இழுத்துவிடலாம். அண்ணம் பிளவுபட்டவர்களிடமோ அந்த முள் பல நேரங்களில் தெளிவாகத் தெரிவதே இல்லை. நேற்று ஒரே படத்தில் கோட்டைச் சற்று மேலே நகர்த்தியதும் கன அளவு கண்ணெதிரே கூடிவிட்டது. அதற்கு மாற்றாக, முதல் கழுத்து முள்ளெலும்பின் முன்வளைவை ஆதாரமாகக் கொண்டு அளந்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா? தலை சாய்ந்திருந்தால் அதுவும் இடம் மாறுமே என்பது என் தயக்கம்.

இன்னொன்று: ஒரு படத்தில் சிறுவன் எச்சில் விழுங்கியிருக்கிறான் போலும், மென்னண்ணம் (அண்ணத்தின் மென்மையான பின்பகுதி) மேலெழுந்து தொண்டைச் சுவரைத் தொட்டு நிற்கிறது. இத்தகைய படங்களை நீக்கிவிடுவீர்களா? அளவீட்டுக்காகவே மீண்டும் படமெடுத்துக் குழந்தைகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்த எனக்கு மனமில்லை. அனுபவமுள்ளவர்கள் தங்கள் அளவீட்டு முறையை இங்கேயே விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.