செம்மண்ணுக்குக் கீழே இருந்த வெள்ளை மண்

தக்கலைப் பக்கம் ஒரு மனைப்பிரிவுக்கு மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் டிரெஞ்ச், அதாவது நீளப் பள்ளம், வடிவமைத்துக் கொடுத்தேன். 20 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், உள்ளே ஜல்லி. ஜல்லிக்கு இடையில் 40 சதவீதம் வெற்றிடம் என்று வைத்தால் 24 கன மீட்டர் தண்ணீர் நிற்கும். ஏப்ரல் வெயிலில் அரை மீட்டர் தோண்டி இரட்டை வளையச் சோதனை செய்தேன், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம் பதித்துத் தண்ணீர் ஊற்றி, அது மண்ணில் இறங்கும் வேகத்தை அளப்பது. மணிக்கு 60 மில்லிமீட்டர் வந்தது. மழைநீர் ஓட்டத்தைக் கணக்குப் போட்டுக் காட்டும் ஸ்வம் (SWMM) மென்பொருளில் டிரெஞ்ச் அடியில் தண்ணீர் இறங்கும் வேகத்துக்கு ஒரே ஒரு எண்தான் கேட்கும், அந்த 60-ஐப் போட்டேன். பதின்மூன்று மணி நேரத்தில் காலி என்று காட்டியது, எனக்கும் நிம்மதி.

ஜூன் மழையில் மூன்றாம் நாளும் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அடுத்த மழை வந்ததும் நிரம்பிப் பக்கத்து வீட்டு முற்றத்துக்குள் போய்விட்டது. அந்த வீட்டுக்காரம்மா துடைப்பத்தோடு நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

அங்கே கிணறு வெட்டுகிற ஒரு பாட்டா இருந்தார். "மக்கா, செம்மண் ஓராள் ஆழந்தானாக்கும். அதுக்குக் கீழ தண்ணி எறங்காது. இங்க உள்ள கெணத்துல எல்லாம் செம்மண் முடியுற எடத்துல பக்கத்துல இருந்துல்லா ஒழுகும்" என்றார். பக்கத்தில் ஒரு குழி தோண்டிப் பார்த்தோம். மேலே சிவப்பு, கீழே சோப்பு மாதிரி வழவழப்பான வெள்ளைக் களிமண், இரண்டும் சேரும் கோட்டில் தண்ணீர் முத்து முத்தாகக் கசிந்துகொண்டிருந்தது. அதாவது மேட்டில் பெய்த மழையும் களிமண் மேல் ஊறி என் டிரெஞ்சுக்குள் வந்திருக்கிறது! களிமண்ணில் சோதித்தால் மணிக்கு 3 மில்லிமீட்டர்தான். அடிப்பகுதியை மட்டும் நம்பினால் 24 கன மீட்டர் இறங்கப் பதினோரு நாள் ஆகும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் வாங்குகிற நம் மாவட்டத்தில் அத்தனை நாள் மழை யாருக்கும் இடைவெளி விடாது.

அப்புறம் மேட்டுப் பக்கமாக வேறு டிரெஞ்ச் போட்டோம், ஒரு மீட்டர் ஆழம், அகலம் 3 மீட்டர். கொள்ளளவு அதே 24, ஆனால் அடிப்பரப்பு இரட்டிப்பு, அடி முழுக்கச் செம்மண்ணில். இந்த முறை அதே ஒரு மீட்டர் ஆழத்தில், முதல் நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுச் சோதித்தேன். 40 வந்தது, எதற்கும் இருக்கட்டும் என்று பாதியாக்கி 20 என்றுதான் மென்பொருளில் போட்டேன், இருபது மணி நேரம் காட்டியது. மீறி வரும் தண்ணீரை ஓடைக்குத் திருப்பிவிட்டோம். ஜேசிபியையும் ரோலரையும் அந்த இடத்தில் ஏறவே விடவில்லை, ஏனென்றால் ஒருதரம் மிதித்து இறுகிய செம்மண் பழைய மாதிரி தண்ணீர் குடிக்காது. இதை ஒப்பந்ததாரரிடம் சண்டை போட்டுத்தான் சாதிக்க வேண்டியிருந்தது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி விடாமல் கொட்டியது. விடிந்ததும் பாட்டாவும் நானும் போய், டிரெஞ்சில் நட்டிருந்த பிவிசி குழாய்க்குள் கம்பு விட்டு அளந்தோம், முக்கால் மீட்டர். சாயங்காலம் திரும்ப விட்டபோது நுனி மட்டும்தான் நனைந்திருந்தது.