ஜெத்ரோ டல்லோட 'தி ஸெலட் ஜீன்' வாங்கலாமா?

மடிவாளாமச்சி: மக்களே, பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்ல ஒரு கடைல ஜெத்ரோ டல் ராக் பேண்டோட இந்த எல்பி ரெக்கார்டு பாத்தேன், வெல கொஞ்சம் ஜாஸ்தி. நமக்கு அக்வாலங் ஆல்பம் காலத்து பழைய டல் தான் தெரியும், 2022ல வந்த இது தேறுமா இல்ல சும்மா பேருக்கு ஓட்றாங்களா?

குழல்பைத்தியம்: தாராளமா வாங்கு. 12 பாட்டுக்கும் பைபிள் வசனம் தான் வித்து. மொத பாட்டு மிசஸ் டிபெட்ஸ், ஹிரோஷிமால குண்டு போட்டானே அந்த பைலட்டோட அம்மா, ப்ளேனுக்கே அவங்க பேரு தான். பாடகர் இயன் ஆண்டர்சன் குரல் இப்போ மேல ஏறாது, அதனால கீழயே பாடிட்டு ஏற வேண்டிய எடத்துல எல்லாம் ஃப்ளூட்ட எடுத்துடுவாரு, மூச்சோட சேத்து ஊதுற அந்த கரகரப்பு அப்படியே இருக்கு.

மல்லேஸ்வரம்காபி: பழைய கிடாரிஸ்ட் மார்ட்டின் பாரே இல்லாத டல்லு டிகாஷன் இல்லாத காபி. 1969 ஸ்டாண்ட் அப் ஆல்பத்துல இருந்து வாசிச்ச மனுஷன்யா.

குழல்பைத்தியம்: சார் ஆரம்பிச்சிட்டாரு. இந்த ஆல்பத்துல வாசிச்ச ஃப்ளோரியன் ஓபாலே கிடார் கேட்டீங்களா மொதல்ல?

மல்லேஸ்வரம்காபி: கேட்டேன். சுத்தமா வாசிக்கறான், அதான் பிரச்சனையே.

மடிவாளாமச்சி: சண்டை வேணாம், நாளைக்கு சில்க் போர்டு சிக்னல் ட்ராஃபிக்ல நிக்கும்போது போன்ல ஃபுல்லா கேட்டுட்டு முடிவு பண்றேன்.