லிஸ்பன்ல நாலு இரவு, முட்டி வலியோட அம்மா: எந்தப் பகுதியில ரூம் எடுக்கலாம்?

வைகைப்பெண் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கிறது நெதர்லாந்துல ஐந்தோவன்ல. மதுரையில இருந்து அம்மா வந்திருக்காங்க. நவம்பர் நடுவுல லிஸ்பனுக்கு நாலு இரவு போக டிக்கெட் போட்டாச்சு. நான், வீட்டுக்காரர், அம்மா, ஆறு வயசுப் பையன். அம்மாவுக்கு 66. ரெண்டு முட்டியும் தேய்மானம். சமதரைன்னா அரை மணி நேரம் தாராளமா நடப்பாங்க. படிதான் பிரச்சனை, அதுலயும் இறங்குறது.

மூணு இடம் பார்த்து வச்சிருக்கேன். அல்ஃபாமாவுல ஒரு வீடு, ரெண்டு பெட்ரூம், சமையலறை இருக்கு, ராத்திரிக்கு 118 யூரோ. ஜன்னல்ல நின்னா ஆறு தெரியுது, மெட்ரோவுக்கு 6 நிமிஷம்னு போட்டிருக்காங்க. அடுத்தது பைஷாவுல ஒரு ஹோட்டல், நாலு பேருக்கு ஒரே அறை, 155. மூணாவது சல்தானியா பக்கம், காலைச் சாப்பாட்டோட 124. ஆனா அது ஊருக்கு நடுவுல இல்லைன்னு தோணுது.

அம்மா எதுவுமே கேக்க மாட்டாங்க. படத்தைக் காட்டினப்போ மட்டும், "ஆத்துல இவ்ளோ தண்ணியா"ன்னு ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தாங்க. அதனால மனசு அல்ஃபாமா பக்கம் போகுது. போய் வந்தவங்க சொல்லுங்களேன்.

---

செல்வா_பெர்லின் எழுதியது:

அல்ஃபாமாவே எடுங்க. நானும் மனைவியும் போன வருஷம் அங்கதான் தங்கினோம். காலையில எதிர்வீட்டுப் பாட்டி கொடியில துணி காயப்போடுறதும், கீழ யாரோ மீன் சுடுற வாசனையும், ராத்திரி ஃபாடோ பாட்டும்னு அந்த ஊரோட உயிரே அங்கதான் இருக்கு. படி இருக்குதான். மெதுவா ஏறினா சமாளிச்சிடலாம்.

---

பொருநைக்கரை எழுதியது:

செல்வா தம்பி சொல்ற அழகு எல்லாம் உண்மை. ஆனா இந்த அம்மாவுக்கு அந்த வீடு வேண்டாம். நான் லிஸ்பன்ல ஏழு வருஷம் இருந்தவ. நான் செஞ்ச தப்பைச் சொல்றேன், நீங்க செஞ்சிடாதீங்க.

2018 ஜனவரியில என் அப்பா வந்தாங்க, 71 வயசு. நான் இருந்த வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால அப்பாவுக்கு அல்ஃபாமாவுல கீழ்த்தளத்துல ஒரு வீடு பிடிச்சேன். விளம்பரத்துல மெட்ரோவுல இருந்து 400 மீட்டர்னு இருந்துச்சு. 400 மீட்டர்தான், பொய் இல்லை. ஆனா அந்த 400 மீட்டர்ல 87 படி இருந்துச்சு. நான் எண்ணினேன். அன்னைக்குத் தூறல் வேற. அந்த ஊர் நடைபாதை எல்லாம் சின்னச் சின்ன வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பதிச்சது. நூறு வருஷமா கால் பட்டுப் பட்டு சோப்பு மாதிரி வழவழன்னு இருக்கும், நனைஞ்சா கேக்கவே வேண்டாம். அப்பா ஒரு கையில சுவத்தைப் பிடிச்சு, மறு கையால என் தோளைப் பிடிச்சு ஒவ்வொரு படியா வச்சாங்க. மேல ஜன்னல்ல நின்ன ஒரு வயசான அம்மா "தெவகார், தெவகார்"னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. மெதுவா, மெதுவான்னு அர்த்தம். அப்பாவுக்கு அந்த மொழி தெரியாது. ஆனா அந்தம்மாவைப் பார்த்துத் தலையசைச்சாங்க. வீட்டுக்குள்ள போனவங்க ரெண்டு நாள் வெளியவே வரலை. "பரவாயில்லம்மா, இங்கயே இருக்கேன்"னு சொன்னாங்க. மூணாம் நாள் வேற இடம் மாத்தினேன்.

அதனால லிஸ்பன்ல தூரத்தைப் பார்த்து ரூம் எடுக்காதீங்க. ஏத்த இறக்கத்தைப் பாருங்க. மேப் தூரத்தைத்தான் காட்டும்.

அதுக்கு ஒரு சுலபமான வழி, விலாசத்தைப் படிக்கிறது. தெருப் பேர் "எஷ்கடீனியாஷ்"னு ஆரம்பிச்சா அது தெருவே இல்லை, படிக்கட்டு. "கல்சாடா"ன்னா கல் பாவின ரோடு, அந்த ஊர்ல அது பெரும்பாலும் செங்குத்தாத்தான் இருக்கும். "பேக்கு"ன்னா முடுக்குச் சந்து, வாசல் வரைக்கும் கார் வராது. "அவெனிடா" (அகலமான ரோடு), "ப்ராசா" (சதுக்கம்)னு இருந்தா ஓரளவு நிம்மதி. "ருவா" (தெரு)ன்னு இருந்தா மட்டும் மேப்ல ஸ்ட்ரீட் வியூவைத் திறந்து மெட்ரோ வாசல்ல இருந்து ஹோட்டல் வாசல் வரைக்கும் ஒரு தடவை நகர்த்திப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலைதான்.

என் ஓட்டு பைஷாவுக்கு. 1755-ல வந்த பூகம்பத்துல அந்தப் பகுதி தரைமட்டமாச்சு. அப்புறம் மார்க்கேஷ் தெ பொம்பால்னு ஒரு மந்திரி, கட்டம் போட்ட மாதிரி நேர்நேரா தெரு வச்சுத் திரும்பக் கட்டினார். பள்ளத்தாக்குல இருக்கிறதால அங்க தரையும் சமமா இருக்கு. அல்ஃபாமா பெரும்பாலும் தப்பிச்சதால பழைய சந்தும் படியும் அப்படியே நிக்குது. பைஷா தெருப் பேர்ல நிறைய தொழில் பேர்: தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைக்கிறவங்க தெரு, துணிக்கடைக்காரங்க தெரு. மதுரைக்காரங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

அந்தத் துணிக்கடைத் தெருதான், ருவா தோஷ் ஃபங்கெய்ருஷ், எல்லை. அதைத் தாண்டிக் கிழக்கே போனா உடனே ஏத்தம். அங்க இருக்கிறவங்களும் விளம்பரத்துல பைஷான்னுதான் போடுவாங்க, பார்த்துக்கோங்க. ருவா தா கொன்செய்சாவ் தெருவைப் பார்த்த அறையும் வேண்டாம், 28-ம் நம்பர் டிராம் அந்த வழியாத்தான் போகும். இரும்புச் சக்கரம் திரும்புற கிரீச் சத்தத்துல பையன் தூங்க மாட்டான்.

இன்னொண்ணு. உங்க பட்டியல்ல எங்கயாவது "மலை ரயில் பக்கத்துல"ன்னு இருந்தா அதை நம்பித் திட்டம் போடாதீங்க. 2025 செப்டம்பர் 3-ம் தேதி குளோரியாங்கிற மலை ரயிலோட (மேட்டுத் தெருவுல ஏறி இறங்குறது) இழுவைக் கம்பி அறுந்து 16 பேர் இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் மத்ததையும் சோதனைக்காக நிறுத்தினாங்க. நான் தினம் பார்த்த ரயில் அது, இப்பவும் நினைச்சா மனசு கனக்குது.

---

மழைக்காதலன் எழுதியது:

சல்தானியா பத்திக் கொஞ்சம் சொல்றேன். வேலை விஷயமா அதுக்கு வடக்கே என்ட்ரெகாம்புஷ்ல ஒரு வாரம் இருந்தேன். அந்தப் பக்கமும் நல்ல சமதரை, அகலமான ரோடு, ஏர்போர்ட்ல இருந்து சிவப்பு லைன்ல ஏறினா மாறாமலே சல்தானியாவுல இறங்கலாம். ஆனா ஏர்போர்ட் ஊருக்குள்ளயே இருக்கிறதால விமானம் தலைக்கு மேல தாழப் பறந்து இறங்குது. காலையில ஆறு மணிக்கெல்லாம் ஆரம்பிச்சிடும். தூக்கம் முக்கியம்னா ரெட்டைக் கண்ணாடி ஜன்னலான்னு கேட்டுக்கோங்க.

---

வைகைப்பெண் எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா. அப்பாவைப் பத்திப் படிச்சதும் அம்மாவை நினைச்சுக் கண் கலங்கிடுச்சு. அல்ஃபாமா வீட்டு விலாசத்தைத் திரும்பப் பார்த்தேன், நீங்க சொன்ன மாதிரியே "எஷ்கடீனியாஷ்". அதை விட்டுட்டேன்.

பைஷா ஹோட்டல் ருவா தா ப்ராட்டாவுல இருக்கு. சல்தானியாவை விட ஒரு ராத்திரிக்கு 31 யூரோ கூட, அதான் வீட்டுக்காரர் யோசிக்கிறார். அங்க இருந்து அம்மாவுக்கு ஆத்தைக் காட்ட முடியுமா? கோட்டைக்குப் போகணும்னா எப்படி? ஹோட்டல்ல வேற என்ன கேக்கணும்?

---

பொருநைக்கரை எழுதியது:

ப்ராட்டாதான் வெள்ளித் தெரு. நல்ல இடம்மா.

ஆறு அங்க இருந்து பத்து நிமிஷம், ஒரு ஏத்தம் கிடையாது. தெருவோட தெற்கு முனையில ப்ராசா தோ கொமெர்சியூன்னு பெரிய சதுக்கம், அதோட விளிம்புல தேஜோ ஆறு. காய்ஷ் தஷ் கொலுனாஷ்னு சொல்ற பழைய படித்துறையில ரெண்டு கல்தூண் தண்ணிக்குள்ள நிக்கும். அது ஆத்தோட முகத்துவாரம், கடல் பக்கத்துலயே இருக்கு. அதனால ஏத்தவத்தம் உண்டு. காலையில மூழ்கிக் கிடந்த படி சாயங்காலம் வெளிய தெரியும். கீழ்ப்படியில பாசி இருக்கும், அம்மாவை மேலயே உக்கார வைங்க. மேற்கே கரையோரமாவே சமதரையில நடந்தா காய்ஷ் தோ சொத்ரே வந்துடும். அங்க இருந்து அக்கரைக்குக் கசீல்யாஷ் வரைக்கும் ஊர்க்காரங்க வேலைக்குப் போற படகு ஓடுது, பத்து நிமிஷப் பயணம். சுத்துலாப் படகுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அந்தப் படகு ஜன்னலை விட எந்த வீட்டு ஜன்னலும் ஆத்தைக் காட்டாது.

கோட்டைக்கு: ஃபங்கெய்ருஷ் தெருவுல ஒரு கட்டடத்துக்குள்ள ஊருக்குப் பொதுவான இலவச லிஃப்ட் இருக்கு, வெளிய பார்த்தா சாதாரண வாசல் மாதிரிதான் தெரியும். மேல ருவா தா மதலேனாவுல விடும். ரோட்டைக் கடந்து கொஞ்சம் போனா ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிற கட்டடம், அதுல ரெண்டாவது லிஃப்ட். அதுக்கு மேலயும் கோட்டை வாசலுக்குக் கொஞ்சம் ஏறணும். அம்மாவுக்கு அதுவும் வேண்டாம்னா ப்ராசா தா ஃபிகெய்ராவுல இருந்து 737-ம் நம்பர் பஸ் கோட்டைக்கே போகுது. 28 டிராம்ல ஏத்தாதீங்க. நெரிசல்ல நின்னுக்கிட்டே போகணும், பிக்பாக்கெட்டும் அதிகம்.

ஹோட்டலுக்கு இன்னைக்கே மெயில் போட்டு மூணு விஷயம் கேளுங்க. லிஃப்ட் தெரு மட்டத்துல இருந்தே ஆரம்பிக்குதா? பழைய கட்டடத்துல அஞ்சாறு படி ஏறின பிறகுதான் லிஃப்ட் கதவே வரும். குளியலறையில தொட்டியா, தரையோட இருக்கிற ஷவரா? இதை யாரும் கேக்கிறதே இல்லை. முட்டி வலிக்காரங்க ஈரக்காலோட தொட்டி விளிம்பைத் தாண்டுறது படியை விட ஆபத்து. "துஷ்"னா ஷவர், "பன்யெய்ரா"ன்னா தொட்டி. அப்புறம் பின்பக்க அறை இருக்கான்னு கேளுங்க. வெளிச்சம் கம்மியா இருந்தாலும் தெருச் சத்தம் வராது.

காசு விஷயத்துல ஒண்ணு. நகராட்சி வரி ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 4 யூரோ. 13 வயசுக்குக் கீழ கிடையாது. மூணு பேருக்கு நாலு ராத்திரி, 48 யூரோ. மூணு இடத்துக்கும் இது பொது, விலையில சேர்த்திருக்காங்களான்னு பாருங்க. சல்தானியாவுல தங்கினா தினமும் நாலு பேரும் மெட்ரோ ஏறி இறங்கணும். அம்மா மத்தியானம் ஒரு மணி நேரம் படுக்கணும்னு நினைச்சா பைஷாவுல நடந்தே அறைக்கு வந்துடலாம். அந்த 31 யூரோ அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான்.

சமையலறை இல்லைங்கிற கவலை வேண்டாம். பைஷாவோட வடக்கு முனையில இருக்கிற ரொசியூ சதுக்கத்துக்கு அடுத்து மார்ட்டிம் மொனீஷ், அங்க ருவா தோ பென்ஃபோர்மோசூ முழுக்க வங்காளதேசத்துக்காரங்க கடையும் சாப்பாட்டுக் கடையும். சோறும் பருப்பும் சமைச்சதே கிடைக்கும். தயிருக்கு எந்தக் கடையிலயும் "யோகுர்ட் நத்துரால்".

---

வைகைப்பெண் எழுதியது:

பைஷாவே போட்டுட்டோம். மெயில் போட்டேன், மறுநாளே பதில் வந்துச்சு. எங்களுக்கு ஒதுக்கினது தொட்டி வச்ச அறை. கேட்டதால மூணாவது மாடியில பின்பக்கம், தரையோட ஷவர் இருக்கிற அறைக்கு மாத்திக் கொடுத்தாங்க, அதே விலைக்கு. லிஃப்டுக்கு முன்னாடி ரெண்டு படி இருக்காம், பக்கத்துல கைப்பிடி இருக்குன்னு போட்டோவும் அனுப்பினாங்க.

அம்மாகிட்ட அக்கரைக்குப் படகுன்னு மட்டும் சொன்னேன். நேத்து கடைக்குப் போய் ரப்பர் அடி வச்ச செருப்பு தேடினாங்க.