விரல் ரேகை வகைப்பாடு: ஆர்ச்சையும் டென்டட் ஆர்ச்சையும் பிரிக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. விரல் ரேகைப் படங்களை ஆர்ச் (வளைவு), டென்டட் ஆர்ச் (நடுவில் கூடாரம்போல் எழும் வளைவு), இடது லூப், வலது லூப் (வந்த பக்கமே திரும்பும் கண்ணி), வோர்ல் (சுழி) என 5 வகையாகப் பிரிக்க ஒரு கன்வல்யூஷனல் நியூரல் நெட்வொர்க்கை (படங்களைப் பார்த்துக் கற்கும் கணினி மாடல்) பயிற்றுவித்து வருகிறேன். வோர்ல் அருமையாக வருகிறது. ஆனால் ஆர்ச்சையும் டென்டட் ஆர்ச்சையும் மாடல் விடாமல் குழப்புகிறது. சில படங்களில் ரேகை நிபுணர்களுக்கே இது சிரமம்தான், இருந்தாலும் இவ்வளவு குழப்பம் எனக்குச் சரியாகப் படவில்லை.

இயல்பில் இந்த இரண்டு வகையும் சேர்ந்தே சுமார் 7% விரல்களில்தான் இருக்கின்றன. அதனால் லாஸில் (மாடலின் பிழையை அளக்கும் கணக்கு) வகைக்கேற்ப எடை கொடுத்திருக்கிறேன். படங்களை இடவலமாகப் புரட்டுவதில்லை, புரட்டினால் இடது லூப் வலது லூப் ஆகிவிடும். ஒரே விரலின் படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலக்காமல் பிரித்தாயிற்று.

கேட்க வந்தது இதுதான்: படத்தை நேரடியாகக் கொடுக்காமல், ரேகைகள் ஓடும் திசையைக் கணக்கிட்டு அந்தத் திசை வரைபடத்தைக் கொடுத்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கோர் (ரேகை வடிவத்தின் மையம்), டெல்டா (ரேகைகள் மூன்று திசையாகப் பிரியும் இடம்) இரண்டும் நெருங்கி இருக்கும் இடத்தில், ரேகைகளைத் தெளிவாக்கப் பயன்படும் கேபர் ஃபில்டர் நுணுக்கத்தை அழித்துவிடுமோ என்பது என் கவலை. அப்புறம், இரண்டு படங்கள் ஒரே விரலுடையவையா என்று பார்க்க சயாமீஸ் நெட்வொர்க் (இரண்டு படங்களை ஒப்பிடும் நியூரல் நெட்வொர்க்) மட்டும் போதுமா, மினுஷியா புள்ளிகளையும் (ரேகைகள் முடியும், கிளைக்கும் இடங்கள்) தனியே எடுக்க வேண்டுமா? கோட் வேண்டுமென்றால் பகிர்கிறேன்.