சிவாஜி சாகிற சீன்: உங்களை இன்னும் விடாதது எது?

தூண்வீடு
படையப்பா, 99 கோடை லீவு. ரஜினிக்காகத்தான் போனோம். சொத்தையெல்லாம் தம்பிக்கு விட்டுக்கொடுத்துட்டு இறங்கும்போது சிவாஜி வீட்டுத் தூணைக் கட்டிக்கிட்டு அப்படியே உயிரை விடுவார்ல, அந்த இடத்துல அப்பா எழுந்து போயிட்டார். ஒண்ணுக்குப் போறார்னு நெனச்சேன். இடைவேளையில போய்ப் பாத்தா ஸ்டாண்டுல எங்க டிவிஎஸ் ஃபிஃப்டி மேல உக்காந்திருக்கார். கையில வண்டி டோக்கன், மடிச்சு மடிச்சு அது நாலா கிழிஞ்சிருச்சு. அப்புறம் வண்டியை எடுக்க ஸ்டாண்டுக்காரரோட ஒரே வாக்குவாதம். எங்க வீட்டுல பாகப்பிரிவினை முடிஞ்சு நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு. நானும் கேக்கல, அவரும் சொல்லல. 2011ல போயிட்டார். உங்களுக்கும் இப்படி ஒண்ணு இருந்தா போடுங்க.

ரீல்பொட்டி
பாசமலர். டூரிங் டாக்கீஸ்ல ஆபரேட்டருக்கு எடுபிடியா இருந்தேன், வயசு பதினாலு. 61ல வந்த படம், எங்க கொட்டகைக்கு எத்தனாவது தடவையோ. பார்வை போன அண்ணன் "கைவீசம்மா கைவீசு"ன்னு ஆரம்பிச்சதும் மணல்ல உக்காந்திருக்கிற பொம்பளைங்க பக்கம் ஒரு சத்தம் கிளம்பும். ஒப்பாரிக்கு முந்தி மூச்சை இழுப்பாங்கள்ல, அது. அண்ணனும் தங்கச்சியும் போய்ச் சேர்ந்து படம் முடிஞ்சதும் நான் டக்குனு லைட்டைப் போட்டுட்டேன். பெஞ்சு டிக்கெட்டுல, ஊருக்கே வட்டிக்கு விடுற ஆளு, துண்டை வாயில கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். கூடப்பொறந்தவளோட பேச்சுவார்த்தை இல்லாத மனுஷன். ஆபரேட்டர் என் பொடனியில ஒண்ணு விட்டார். "மூஞ்சியத் தொடைக்க விடுடா!" மறுநாள்லருந்து அந்தப் படத்துக்கு மட்டும் இருபது எண்ணிட்டுத்தான் லைட்டு.

நேர்பேச்சு
அழ வெச்சா பெரிய நடிப்பாயிடுமா? தூக்குக் கயிறு முன்னாடி நிக்கிறப்பவும் கட்டபொம்மன் பேசிக்கிட்டே இருக்கார். ஓவர். ஸ்கூல் ஆண்டுவிழாவுல நான்தான் கட்டபொம்மன். மூணு பக்க வசனம், பாதி சொல்லும்போதே ஹெச்எம் திரையை இழுக்கச் சொல்லிட்டார். என்னைத் தூக்குல போடவே இல்ல. திரைக்குப் பின்னாடி கழுத்துல தேங்காய் நார்க் கயிறோட நின்னேன்.

பழையகணக்கு
@நேர்பேச்சு, திரையை இழுத்த ஹெச்எம் மேல இருக்குற கோவத்தை சிவாஜி மேல காட்டாதீங்க. சின்னப் பையனா நாடகக் கம்பெனியில வளர்ந்தவர். கடைசி வரிசையில தரையில உக்காந்திருக்கிறவனுக்கும் சாவு தெரியணும், அந்தக் கணக்குலதான் உடம்பு பழகியிருக்கு. கட்டபொம்மனைத் தூக்குல போட்டது கயத்தாறுல, 1799ல. படம் 59. நடிச்சதோட விட்டாரா? அதே கயத்தாறுல இடம் வாங்கி 70ல சிலையும் வெச்சார். அடக்கி வாசிக்கத் தெரியாதுன்னா 54ல வந்த அந்த நாள் பாருங்க. பாட்டே கிடையாது. படம் ஆரம்பிச்ச கையோட குண்டு பட்டு விழுந்துருவார், நீட்டி முழக்கல. மிச்சப் படமெல்லாம் ஆளாளுக்குச் சொல்ற கதையிலதான் வருவார். சுட்டது யாருன்னா

புதுசுநான்
ஐயோ சொல்லாதீங்க, நான் இன்னும் பாக்கல!

பழையகணக்கு
எழுபது வருஷமாச்சு தம்பி.

நைட்டூட்டி
கேஷுவாலிட்டியில நர்ஸா இருந்தேன். ஒருத்தர் நடந்தே வந்தார், கேஸ் டிரபிள்னு சொன்னார். சட்டை முதுகுல ஒட்டிக்கிடந்துச்சு, அவ்வளவு வேர்வை. கூட வந்த அம்மா கடைசியில என்கிட்ட கேட்டது: "சிவாஜி மாதிரி நெஞ்சைப் பிடிக்கவே இல்லையேம்மா?" அவ்வளவுதான் என் கதை. ஆனா ஒண்ணு சொல்றேன், எல்லாரும் படிங்க. வியட்நாம் வீடு பாத்துட்டு ஹார்ட் அட்டாக்னா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு தள்ளாடுவாங்கன்னு இருக்காதீங்க. பல பேருக்கு நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி ஒரு பாரம்தான் இருக்கும். தாடை, இடது தோள், முதுகுன்னு எங்க வேணா இழுக்கும். சுகர் இருந்தா வலியே தெரியாம, மூச்சு வாங்குறதும் வேர்வையுமா மட்டும் வரலாம். பொம்பளைங்க அசதின்னு சொல்லிட்டுப் படுத்துருவாங்க. சோடா குடிச்சுப் பாக்கலாம், விடியட்டும்னு எல்லாம் உக்காராதீங்க. வண்டியை நீங்களே ஓட்டாதீங்க, 108க்கு போடுங்க. முதல் ஈசிஜி நார்மலா இருந்தாலும் சந்தேகம்னா திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்க.

தூண்வீடு
அக்கா, நான் சாவு சீன் கேட்டேன், நீங்க ஈசிஜி எடுக்கச் சொல்றீங்க.

மலையடி
முதல் மரியாதை. 85ல வந்தது, நான் டிவியிலதான் பாத்தேன். கட்டில்ல கிடக்கிற மலைச்சாமி, சுத்தி ஊரே காத்துக்கிட்டு இருக்கும், உயிர் மட்டும் பிரியாது. அவர் மனசுல இருந்த குயில் ஜெயில்லருந்து வந்தப்புறம்தான். எங்க தாத்தா அப்படித்தான் ஆறு நாள் இழுத்துக்கிட்டுக் கிடந்தார். பால் ஊத்தியாச்சு, தங்கம் உரசின தண்ணி ஊத்தியாச்சு, பேரப்பிள்ளைங்க எல்லாம் வந்தாச்சு. சித்தி சும்மா இல்லாம, "யாருக்காகவோ காத்திருக்கார், முதல் மரியாதை சிவாஜி கணக்கா"ன்னுட்டாங்க. ரெண்டு பேரு சிரிச்சுட்டாங்க. தலைமாட்டுல உக்காந்து ஈ விரட்டிக்கிட்டிருந்த ஆத்தா கை நின்னு போச்சு. பனை விசிறி அப்படியே அந்தரத்துல. அப்புறம் எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு சொம்பைத் தேய்க்க ஆரம்பிச்சுது. தேய்க்குது, தேய்க்குது, விடவே இல்ல. தாத்தா அன்னைக்கு ராத்திரியே போயிட்டார். யாரும் வரல. அந்தப் படம் டிவியில வந்தா ஆத்தா சேனலை மாத்தச் சொல்லாது. எழுந்து சொம்பு தேய்க்கப் போயிரும்.

நேர்பேச்சு
சரி, இதுக்கு நான் எதுவும் சொல்லல.

ரீல்பொட்டி
@தூண்வீடு தம்பி, அந்த வீடு இப்ப யார்கிட்ட இருக்கு?

தூண்வீடு
சித்தப்பா வித்துட்டார். இப்ப செல்போன் கடை. திண்ணையை இடிச்சுட்டாங்க, மேல மச்சு விழுந்துரும்னு ஒரு தூணை மட்டும் விட்டு வெச்சிருக்காங்க. போன வாரம் ரீசார்ஜ் பண்ணப் போனேன். ஸ்கேன் பண்ற க்யூஆர் கோடை அதுலதான் ஒட்டியிருக்காங்க.