புதுப்பிப்பு: பேச்சுச் சிகிச்சையாளராயிருந்த எங்கள் மாமி

கிளிநொச்சியில் 84 வயதில் மாமி காலமானதைப் பற்றி முன்னர் எழுதியிருந்தேன். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களுக்கு அவர் என்ன செய்தார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பின்பே பதில் எழுத இயன்றது.

மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுச் சொந்தப் பெயரையே சொல்ல இயலாத ஒருவருக்கும், சிறுவயதில் மனனம் செய்த தேவாரம் இராகத்தோடு வந்துவிடுவதுண்டு என்பதால், மாமி முதலடியைத் தாமே பாடி அவரைத் தொடரவிட்டு, பின்னர் அதே இராகத்தில் "தண்ணி தாங்கோ" என்று கேட்கப் பழக்குவார். எல்லோருக்கும் அது பலித்ததில்லை. விழுங்கச் சிரமப்படுவோருக்கு ஏற்ற கஞ்சியின் பதத்தை வீட்டாருக்கு அடுப்படியிலேயே நின்று செய்துகாட்டுவார்.

நோயாளியிடம் கேட்ட கேள்விக்கு வீட்டார் பதில் சொல்வதை மட்டும் அவர் பொறுத்ததே இல்லை (எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான்). பேச்சுப் பயிற்சிக்கு அவர் வைத்திருந்த பட அட்டைகளை, வவுனியாவில் பணிபுரியும் இளைய சிகிச்சையாளர் ஒருவர் பெற்றுக்கொண்டார்.